சூட்டோடு வைத்த இடைவெளி

மெக்கானிக் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். மருத்துவச்சி கையைக் கழுவி முடிப்பதற்குள் வெளியே வந்து, துண்டு எங்கே என்று கேட்டானாம். கேட்டானா என்பதில் குடும்பத்துக்குள் கருத்து வேறுபாடு உண்டு, வந்தது உண்மை. அன்றிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவாது. அவன் நிழல் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வரும்.

அப்படிப்பட்டவனிடம்தான் அக்கா தன் நாற்றுப் பண்ணையின் தண்ணீர் இறைக்கும் சின்ன இன்ஜினை ஒப்படைத்தாள். கூடப் பிறந்தவனாயிற்றே, வேறென்ன செய்வாள்?

நேற்றுக் கழற்றியபோது, வால்வு உட்காரும் வளையம் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல இருந்தது. வால்வில் தேய்ப்புப் பசையைத் தடவி, அதில் ஒட்டிய குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்து, மோர் கடைவதுபோலக் கடைந்தான். பட்டறை தீப்பிடிக்காதது ஆச்சரியம். வளையம் முழுக்கச் சாம்பல் கோடு அறுபடாமல் வந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினான், சொட்டுக்கூடக் கசியவில்லை. பூட்டி, அளவுத் தகடு நுழைத்து, வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே இடைவெளியையும் சரியாகத்தான் வைத்தான். அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அரை மணி ஓடியதும் 'டிக் டிக்' என்றது. சூடேறினால் அந்த இடைவெளி சற்று விரியும், சத்தம் வரும் என்பது அவனுக்கே தெரியும். தெரிந்து என்ன? பல்லுக்குள் எறும்பு ஊர்ந்தது. இன்ஜினை நிறுத்தி, விரல் சுடச் சுட மூடியைத் திறந்து இடைவெளியைக் குறைத்தான். பிறகு பட்டுத்துணி உரசுவதுபோல ஓடியது. இருட்டியதும், மிச்சத்தைக் காலையில் பாய்ச்சலாம் என்று அக்கா நிறுத்திவிட்டாள்.

இன்று காலை கயிற்றை இழுத்தால் இன்ஜின் இருமக்கூட இல்லை. கயிறு எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. தண்ணீர் காணாத பின்வரிசைக் கன்றுகள் ஆயிரம் தலையைத் தொங்கப்போட்டிருந்தன. பத்து மணிக்கு லாரி. வாடிய கன்றை ஏற்ற மாட்டேன் என்று வாங்குகிறவர் முன்பே சொல்லியிருந்தார். மணி எட்டு.

"சூட்டோட வச்சியாடா?" என்றாள் அக்கா.

"லேசா வெதுவெதுப்பாதான்க்கா இருந்துச்சு."

"விரல்ல கொப்புளம்? அதுவும் வெதுவெதுப்புல வந்ததா?"

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு மூடியைத் திறந்தான். தகடு நுழையவே இல்லை. ஆறியதும் இடைவெளி காணாமல் போய், வால்வு மூட முடியாமல் வாய் பிளந்து நின்றது; உள்ளே அழுந்த வேண்டிய காற்று அந்த வழியே ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம்க்கா, முடிச்சிடறேன்."

"உன் நிமிஷத்தாலதான் இந்தக் கதி. நிதானமா வை. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தி, தகடு லேசாக உரசிக்கொண்டு போகும்வரை திருகைத் திருப்பினான். கால் மணி நேரம். அவன் முழங்கால் ஆடிய ஆட்டத்தில் உட்கார்ந்திருந்த பலகை அரை அடி நகர்ந்து, அக்காவைத் தாண்டிப் போனது.

இப்போது கயிறு கனத்தது. மூன்றாவது இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அக்கா அவன் ஸ்பேனரைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, குழாயை அவன் கையில் திணித்தாள்.

"பின்வரிசையிலருந்து ஊத்திட்டு வா."

நான்காவது வரிசையில் 'டிக் டிக்' ஆரம்பித்தது. ஏழாவதில் அவன் தோள் தாளம் போட்டது. பத்தாவதில், இன்ஜின் பக்கமே பார்த்தபடி ஒரு வேலிக்கம்பத்துக்கு ஐந்து நிமிடம் தண்ணீர் ஊற்றினான். லாரி வாசலில் ஹார்ன் அடித்தபோது பின்வரிசைக் கன்றுகள் ஒன்றுவிடாமல் நிமிர்ந்திருந்தன.

"அக்கா, இன்ஜின் ஆறிடுச்சான்னு ஒரே ஒரு தடவ தொட்டுப் பாக்கவா?"

"ஓடிக்கிட்டிருக்கிறது எப்படிடா ஆறும்? முன்வரிசைக்கு ஊத்து, போ."