டச்சுக்காரன் சுவர்

சித்ரலேகாவுக்குக் கொஞ்ச நாளாக ஒரே ஆசைதான். முந்நூற்றைம்பது வருஷம் பின்னால் போய், காயல்பட்டினக் கரையில் ஒரு பகல் நின்றுவிட்டு வர வேண்டும். டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடிப்பதற்கு முன்பே காயல்பட்டினத்தில் இறங்கிச் சரக்குக் கிட்டங்கி போட்டிருந்தார்கள். பாளையங்கோட்டைக் கல்லூரியில் வரலாறு நடத்தும் அவளுக்கு அது நாலு வரிப் பாடம். முதல் படகு கரை தட்டியபோது யார் எட்டிப் பார்த்தார்கள், தண்ணீர் கேட்க என்ன ஜாடை காட்டினார்கள் என்பதெல்லாம் அந்த நாலு வரியில் இல்லை. பக்கவாதத்தில் கிடந்த மாமனாரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போதுகூட அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் அவளுடைய மாணவி ஒருத்தி வந்து சொன்னாள். “மிஸ், காயல்பட்டினத்துல எங்க வீட்டுப் பின்னால புதுசா கட்ட வானம் தோண்டையில பழைய சுவரு ஒண்ணு வந்திருக்கு.”

“அப்பாவ நான் பாத்துக்கிடுதேன். பொழுதோட வந்துரு, என்ன?” என்றார் கணவர் அருணாசலம்.

முந்தின இரவு மாமனாரின் இருமலில் தூக்கமில்லை. பஸ்ஸில் ஆத்தூர் தாண்டும்வரை நின்றுகொண்டே போனாள்.

மாணவியின் தாய் சுபைதா பேகம் வாசலிலேயே காத்திருந்தாள். பின்கட்டில் ஆள் உயரக் குழி. கொத்தனார் தளவாய், “பைய எறங்குங்கம்மா” என்று கை கொடுத்தார். இடுப்பளவில் ஒரு சுவர், மெல்லிய செங்கல், சுண்ணாம்புக் காரை. சித்ரலேகா உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்து கிடந்தது. டச்சுக்காரன் கட்டியதா, வேறு யாரோ பண்டசாலைக்காரர் கட்டியதா, தெரியவில்லை. தெரிய வேண்டுமானால் வேலையை நிறுத்தி, அரசாங்கத்துக்குச் சொல்லி, ஆட்கள் வந்து பார்க்க வேண்டும்.

“மதியத்துக்கு மேல கான்கிரீட் போடுதோம். நிறுத்தணும்னா இப்பமே சொல்லிருங்க” என்றார் தளவாய்.

சித்ரலேகா சுபைதாவைப் பார்த்தாள்.

“அவுக துபாய்லேருந்து மூணு வருஷங் கழிச்சு பெருநாளைக்கு வாராக. அதுக்குள்ள கூரை போடணும்னு நிக்காக” என்றாள் சுபைதா. பிறகு மெதுவாக, “நீங்க சொன்னா நிறுத்துதேன் டீச்சர்” என்றாள்.

“சாப்பிட்டுட்டுச் சொல்லுதேன்.”

சாப்பிட்டு முடித்ததும் சுபைதா பாய் விரித்தாள். “கண்ணு செவந்து கெடக்கு. சித்த தல சாய்ங்க.”

“கொஞ்ச நேரத்துல எழுப்பிருங்க” என்று சொன்னதுதான் ஞாபகம். விழித்தபோது வெயில் சரிந்திருந்தது. கலவை மிஷின் சத்தம் ஓய்ந்திருந்தது. புடவையை அள்ளிச் செருகிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். குழி முழுக்க ஈரச் சாம்பல் நிறம். சுவர் இருந்த இடமே தெரியவில்லை.

சுபைதா கையைப் பிசைந்தாள். “ரெண்டு தடவ எழுப்புனேன் டீச்சர். போட்டுரட்டுமான்னு கேட்டேன். ‘ம்’ன்னிய. சரின்னு சொல்லுதியன்னு நெனச்சேன்.”

சித்ரலேகா கோபம் வரும் என்று காத்து நின்றாள். வரவில்லை. இப்படி அயர்ந்து தூங்கி எத்தனை மாதம் ஆகிறது என்றுதான் தோன்றியது. தூக்கத்தில் சொன்னாளா, தெரிந்தே சொன்னாளா என்பதும் அவளுக்குத் தெளிவாக இல்லை.

“நான்தான் சொல்லிருப்பேன்” என்றாள்.

சுபைதா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் புறப்பட்டாள். கடற்கரை அங்கிருந்து நடக்கிற தூரம்தான். காற்றில் உப்பு வாடை வந்தது. தெருமுனையில் நின்று அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். கால் வலித்தது. பஸ் நிலையத்துக்குத் திரும்பினாள்.