குறை எண் ஒன்று

பதினொன்றாவது மென்பொருளுக்கு ‘எளிமை’ என்ற கட்டத்தில் ஆறு மார்க் போட்டுவிட்டு உத்தமன் யோசித்தார். கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டதோ என்று பட்டது. ஐந்தரையாகத் திருத்தினார். மே மாதம் வரை எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் லீடாக இருந்தவர். அடுத்தவர் எழுதிய மென்பொருளில் குறை கண்டுபிடித்தே இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவர். கம்பெனி அவரையும் அவருடைய டீமையும் ஒரே வீடியோ காலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வீட்டில் கிடைத்த முதல் வேலை இதுதான். மனைவி உஷாவின் தொழிலுக்கு ஒரு வெப்சைட் வேண்டும். ஒன்றும் தெரியாதவர்கூடச் சுலபமாகப் பண்ணக்கூடிய மென்பொருள் எது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

உஷாவின் தொழில், புடவைக்கு முன்கூட்டியே கொசுவம் வைத்துக் கொடுப்பது. விசேஷத்துக்கு முதல் நாள் புடவையைக் கொடுத்தால், இடுப்பளவு கேட்டுக் கொசுவமும் முந்தானை மடிப்பும் எடுத்து, கிளிப் போட்டு, இஸ்திரி பண்ணி, பெட்டியில் மடித்துத் தருவாள். மறுநாள் ஐந்து நிமிடத்தில் கட்டிக்கொண்டு கிளம்பலாம். கட்டத் தெரியாத பெண்களும் கட்ட நேரமில்லாத பெண்களும் பெங்களூரில் ஏராளம். அதிலும் வரமகாலட்சுமி நோன்பு வந்துவிட்டால் அடுகோடியிலிருந்து கோரமங்களா வரைக்கும் பட்டுப்புடவையெல்லாம் பீரோவை விட்டு இறங்கிவிடும். இந்த வருட நோன்பு வெள்ளிக்கிழமைக்கு முன்னால் சைட் வந்துவிட வேண்டும் என்பது உஷாவின் கணக்கு.

உத்தமன் ஆபீஸ் முறைப்படி எக்செல் ஷீட் திறந்தார். பதினான்கு மென்பொருள், பத்தொன்பது அளவுகோல். ஒவ்வொன்றிலும் இலவசக் கணக்கு தொடங்கி, மாதிரிக்கு ஒரு சைட் கட்டி, இடித்து, மறுபடி கட்டிப் பார்த்தார். காலை ஒன்பதரைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் ஒரு மணிக்குத்தான் எழுந்திருப்பார். உஷா அதே ஹாலில், வாயில் நாலு கிளிப்பைக் கவ்விக்கொண்டு, யாருடைய புடவையையோ நீவிக்கொண்டிருப்பாள்.

“எதுன்னு முடிவாச்சாங்க?”

“இன்னும் மூணு பாக்கி இருக்கு. அவசரப்பட்டா அப்புறம் நாமதான் மாட்டிப்போம்.”

“நான் ஒருவாட்டி ஒக்காந்து பாக்கட்டுமா? கத்துக்கப் போறவ நான்தான.”

“மொதல்ல ஷார்ட்லிஸ்ட் ஆவட்டும். இப்பவே காட்டினா நீ கன்ஃப்யூஸ் ஆயிடுவ.”

பயன்படுத்தப் போகிறவரை உட்கார வைக்காமல் எளிமைக்கு மார்க் போடாதே என்று புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் ஓதியவர் இவர்தான். அது நினைவில்லாமல் இல்லை. ஷீட் முடிவதில் அவருக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். முடிந்துவிட்டால் மறுநாள் ஒன்பதரைக்கு எதற்காகச் சட்டை போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

நோன்பு வாரத்துத் திங்கட்கிழமை, மாடி வீட்டு ஸ்னேஹா புடவையை முன்கூட்டியே கொடுத்துவைக்க வந்தாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பெண்.

“அங்கிள், ஆன்ட்டியோட சைட் பாத்தீங்களா? சனிக்கிழமை எங்க வீட்லதான் பண்ணாங்க. ஃபோன்லயே. ஒரு மணி நேரம்கூட ஆவல.”

உஷா எடுத்திருந்தது, அவர் ஷீட்டில் ஒன்பதாவது இடத்தில் தள்ளிவைத்த மென்பொருள். உத்தமனுக்கு அவமானமாக இருந்தது. ஸ்னேஹா போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்து சைட்டைத் திறந்தார். உஷா மடித்த புடவைகளின் படம், போன் நம்பர், வீட்டுக்கு வழி, எல்லாம் சரியாகவே இருந்தது. அதுவே இன்னும் எரிச்சலாக இருந்தது. கடைசியில் முன்பதிவுப் பக்கத்துக்குப் போய், ஒரு பொய்ப் பெயரில் வியாழக்கிழமைக்குப் பதிந்தார். ‘உங்கள் எண் 14’ என்று வந்தது. உஷா கையை ஒடித்துக்கொண்டு வேலை செய்தாலும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டுக்கு மேல் முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்று கேட்கும் கட்டத்தை அவள் காலியாக விட்டிருக்கிறாள்.

தன் பதிவை ரத்து செய்தார். ஷீட்டில் புதுப் பக்கம் திறந்து, கை பழகினபடியே அடித்தார்: குறை எண் 1. நாள் வரம்பு இல்லை. தீவிரம்: மிக அதிகம். கண்டுபிடித்தது: திங்கள், காலை 11.20. நிலை: சரிசெய்யப்படவில்லை.

உஷா சமையலறையில் இருந்தாள். ஆறே எட்டுத் தூரம். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். அவளாகக் கேட்கட்டும், சொல்லலாம் என்று இருந்தார். உஷா டீ வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமை மறுபடி பதிந்து பார்த்தபோது எண் இருபத்திரண்டு. புதன் மாலை முப்பத்தொன்பது. ஒவ்வொரு தடவையும் பதிவை ரத்து செய்துவிட்டு, எண்ணை ஷீட்டில் குறித்துக்கொண்டார். எண் ஏறுவதில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது. அதை அவர் தனக்குள்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

வியாழன் காலை எட்டு மணியிலிருந்து காலிங்பெல் ஓயவில்லை. சோபா, நாற்காலி, மேஜை எங்கும் துணிப்பைகள். உஷா அவரை அனுப்பிக் கிளிப் வாங்கிவரச் சொன்னாள். நாலு கடை ஏறி இறங்கி அவர் திரும்பியபோது அவள் லேப்டாப் முன்னால் நின்றிருந்தாள். ஃபோனில் எழுத்து சின்னதாக இருக்கிறது, இத்தனை பேர் எப்படிச் சேர்ந்தார்கள் என்று பெரிய திரையில் பார்க்கலாம் என்று திறந்திருக்கிறாள். திரையில் சைட் இல்லை. அவருடைய ஷீட்.

“திங்கக்கெழமையே தெரியுமா?”

“தெரியும்.”

“நான் வீட்லதாங்க இருந்தேன்.”

அவர் கிளிப் பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஏதாவது திட்டினால் தேவலை என்றிருந்தது. மறுபடி பெல் அடித்தது. வாசலில் பச்சைப் பட்டோடு ஒரு கன்னடத்து அம்மா. உஷா முகத்தை மாற்றிக்கொண்டு, “சாயங்கால ரெடி இருத்தெ, பன்னி,” என்று, மாலையில் வந்து வாங்கிக்கொள்ளும்படி கன்னடத்திலேயே சொல்லி, சிரித்து அனுப்பிவைத்தாள்.

கதவைச் சாத்திவிட்டு அந்தப் புடவையை உதறினாள். ஒரு முனையை அவரிடம் நீட்டினாள். உத்தமன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பிடித்தார். உஷா மறு முனையோடு சமையலறை வாசல் வரைக்கும் பின்னால் போய் நின்றாள். நடுவில் ஹால் நீளத்துக்குப் பச்சைப் பட்டு. விரல்களை அகட்டிக் கொசுவம் எடுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு சாண் கிட்டே வந்தாள். கண் கரையிலேயே இருந்தது. மூச்சு படும் தூரத்துக்கு வந்ததும் அவர் கையிலிருந்த முனையை வாங்கி, கிளிப் போட்டு, இஸ்திரி மேஜைமேல் வைத்தாள். அடுத்த பையிலிருந்து ஒரு மஞ்சள் புடவையை எடுத்து, அதன் முனையை அவரிடம் கொடுத்துவிட்டு, மறுபடியும் சமையலறை வாசலுக்குப் போனாள்.