மெருகு போட்ட ரிவால்வர்

ஆர்லிஸ் ஹின்ரிக்ஸ் சமையலறைத் துண்டைப் பிரித்து ரிவால்வரை என் கண்ணாடி மேஜை மேல் வைத்ததும் முதலில் கண்ணில் பட்டது அதன் பளபளப்புதான். மனசு அங்கேயே விட்டுப்போயிற்று. நூறு வயதை நெருங்கும் துப்பாக்கி நேற்றுச் செய்தது போல மின்னக் கூடாது. நெப்ராஸ்காவில் இந்தக் கடையைப் போட்டுப் பழைய துப்பாக்கி வாங்கி விற்றே தலை நரைத்தவன் நான். வாய் கொஞ்சம் கடுமை என்பார்கள். விலையில் பொய் சொன்னேன் என்று மட்டும் எவனும் சொல்ல முடியாது.

"இவரோட அப்பா ரயில்வேல காவலுக்கு இருந்தப்போ இடுப்புல வச்சிருந்தது," என்றாள். "பண்ணையை வித்துட்டு டவுன்ல சின்னதா ஒரு வீடு பார்த்துப் போறோம். பிள்ளைங்க யாருக்கும் இது வேணாமாம். நியாயமா ஒரு விலை சொல்லுப்பா."

அவள் பின்னால் கணவர் டுவேன் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றார். சோளக்காட்டு வெயிலில் வெந்த முகம். பல வருஷப் பழக்கம் எங்களுக்கு. சனிக்கிழமையானால் வந்துவிடுவார். எதையும் வாங்க மாட்டார், என் காபியை மட்டும் குடித்துவிட்டு ஒவ்வொரு துப்பாக்கியையும் நிதானமாகப் பார்த்துவிட்டுப் போவார். தன் வீட்டில் இப்படி ஒன்று இருப்பதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

குண்டு இல்லை என்று திறந்து பார்த்துவிட்டு விளக்கடியில் திருப்பினேன். எவனோ மெருகுச் சக்கரத்தில் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்து, மேலே புதிதாகக் கருநீலப் பூச்சு ஏற்றியிருந்தான். விளிம்பெல்லாம் மழுங்கிவிட்டது. பக்கவாட்டில் இருந்த குதிரை முத்திரை கரைந்து நாய்க்குட்டி போல ஆகியிருந்தது. கைப்பிடியில் வெள்ளை வெளேரென்று போலித் தந்தம்.

"நான்தான் செய்யச் சொன்னேன்," என்றாள் ஆர்லிஸ். "எங்க கல்யாண நாளுக்கு. முட்டை வித்த காசைச் சேர்த்து வச்சு, இவருக்குத் தெரியாம. பெட்டியைத் திறந்து பார்த்துட்டு இந்த மனுஷன் அழுதுட்டாருப்பா! அவங்கப்பா செத்தப்போகூட அழாத ஆளு."

நான் டுவேனைப் பார்த்தேன். அவர் தலையை லேசாக, மிக லேசாக ஆட்டினார். சொல்லிவிடாதே என்கிறார்.

"நானூறு டாலர் தரலாம்," என்றேன். அது உண்மையான விலைதான்.

ஆர்லிஸ் குனிந்து, கண்ணாடி வழியே மேஜைக்குள் அடுக்கியிருந்த துப்பாக்கிகளைப் பார்த்தாள். "ஏம்பா, இதே மாதிரி உள்ள ஒண்ணு கிடக்கே, தேஞ்சுபோய் வெளுத்துப்போய். அதுக்கு ஆயிரத்து அறுநூறுன்னு ஒட்டியிருக்க?"

டுவேனுக்காக ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். யோசித்துப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை.

"அது வச்சிருந்தவன் கை பட்டுத் தேஞ்சதும்மா. உறையில உரசி வெளுத்தது. அந்தத் தேய்மானத்துக்குத்தான் காசு. புதுப் பூச்சு ஏத்தினா அதெல்லாம் போயிடும்."

அவள் விரல் ரிவால்வரின் குழல் மேல் போய், ஒன்றும் தட்டுப்படாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"அப்போ இவரோட அப்பா கை பட்ட இடம்?"

"போச்சு."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "சந்தோஷத்துல அழுதீங்கன்னுல்ல இத்தனை வருஷமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"அந்த வருஷம் பூரா கிழிஞ்ச கோட்டைப் போட்டுக்கிட்டுதான் சர்ச்சுக்கு வந்தே," என்றார் டுவேன். "ஏன்னு பெட்டியைத் திறந்தப்புறம்தான் புரிஞ்சுது. அதுக்கும் சேர்த்துத்தான் அழுதேன். வா, போலாம்."

ஆர்லிஸ் ரிவால்வரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வண்டி என் ஜன்னலுக்கு நேர் எதிரில் நின்றிருந்தது. இருவரும் ஏறினார்கள், கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டுவேன் அவள் முழங்காலுக்கு மேலே கையை நீட்டி டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து, காகிதக் குப்பைக்கு அடியிலிருந்து கைக்குட்டை முடிச்சு ஒன்றை எடுத்தார். உள்ளே இரண்டு மரத்துண்டுகள். அவர் அப்பாவின் வியர்வையில் கறுத்த பழைய கைப்பிடி. மெருகு போட்டவனை டுவேன் அப்போதே தேடிப் போய்க் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

பழைய கைப்பிடியும் கூட இருந்தால் விலையில் நூறு டாலர் தாராளமாக ஏற்றலாம். போய்ச் சொல்வதுதான் நியாயம். நான் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

ஆர்லிஸ் ஒரு மரத்துண்டை எடுத்துக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.