வேலிப் பூவரசு

இறுப்பிட்டியில் வேலிச் சண்டை இல்லாத வளவு குறைவுதான். ஆனாலும் ஒரு முழ நிலத்துக்காகக் கூடப்பிறந்த அக்காவோடு வருடக்கணக்கில் பேசாமல் இருக்க லவனைப் போல ஒரு வீம்பன் வேண்டும். பக்கத்து வளவில் இருந்த அக்கா நிசாந்தினியும் இலேசுப்பட்டவள் அல்ல.

எல்லையில் நின்ற பூவரசு மாரிக் காற்றில் சாய்ந்தது. லவன் கிற்றார் வாத்தியம் செய்கிறவன். அடிமரத்தைத் தட்டினான், கணீரென்றது. கிற்றாரின் முதுகுக்கு இப்படியொரு மரம் அவனுக்கு வாய்த்ததே இல்லை.

"பாதி என்ரை. நடுவாலை அரிஞ்சு தரச் சொல்லும்," என்று லவனின் மனைவி துஷாந்தியிடம் அக்கா சொல்லியனுப்பினாள்.

மரத்தை மரக்காலைக்கு ஏற்றிப்போய் அரிந்தபோது வாள் கிறீச்சிட்டது. லவனின் பாதி முழுக்கத் துருப்பிடித்த ஆணிகள். சண்டை பிடித்த அன்று முட்கம்பியை மரத்தில் அறைந்தவன் அவன்தான். ஓர் ஆணி போதுமான இடத்தில் ஆத்திரத்துக்கு நாலு. மரம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, அவற்றைச் சுற்றிக் கறுத்துப் போயிருந்தது. ஒரு பலகைதான் தேறியது. முதுகுக்கு இரண்டு வேண்டும், அதுவும் ஒரே மரத்தில்.

"மச்சாளிட்டைப் போய்க் கேளுங்கோவன்," என்றாள் துஷாந்தி.

"ஏலாது."

"உங்கடை சொந்த அக்காதானே?"

"அதுதான் ஏலாது."

சொன்னானே தவிர, விடிந்ததும் மரம் விழுந்ததில் வேலியில் திறந்த பொட்டுக்குள் போய் நின்றான். அந்தப் பக்கம் நிசாந்தினி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

விளக்குமாறு நின்றது.

"உங்கடை பாதியிலை எனக்கு ஒரு பலகை வேணும். என்ரை முழுக்க ஆணி."

"ஆர் அறைஞ்சது?"

"நான்தான்."

"அண்டைக்கு நீ அறைய அறைய, உள்ளுக்கை இருந்து அழுதனான். உனக்குத் தெரியுமோ?"

இத்தனை காலமும் அக்கா உள்ளே இருந்து சிரித்திருப்பாள் என்றே லவன் நினைத்திருந்தான். அவளோ கொட்டிலுக்குள் போய், தன் பாதியை அப்படியே இழுத்துவந்து அவன் காலடியில் போட்டாள்.

பலகை காய்ந்து, கிற்றார் முடிய அடுத்த மாரியும் வந்துவிட்டது. முதுகில் அக்காவின் பலகையும் தம்பியின் பலகையும் நடுவில் ஒட்டியிருந்தன. தம்பியின் பக்கத்தில் ஓர் ஆணிக் கறுப்பு. லவன் அதை வாசிக்க, நிசாந்தினி அவன் முற்றத்துக் கதிரையில் இருந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கேட்டாள். எழும்பும்போது வேலிப் பொட்டைக் காட்டினாள்.

"அதை எப்பிடியாவது அடை. ஆணி மட்டும் அறையாதையடா. எனக்குக் கேக்க ஏலாது."

"ஓம் அக்கா," என்றான் லவன். அந்தப் பொட்டை அவன் அடைக்கவே இல்லை.