பீரான் காலடி எறும்புகள்

கவோலாக் நகரில் நிலக்கடலை விலை படுத்த வருஷம், பீரான் ந்யாய் காலடி வைத்த இடத்திலெல்லாம் எறும்பு மொய்க்கத் தொடங்கியது. அவன் போன வழியில் ஒரு கறுப்புக் கோடு கிடக்கும். நர்ஸ் ரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை வியாதி என்றாள். எறும்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டுத் தச்சன் ஜோப்புக்குத்தான் கொண்டாட்டம். ந்யாய் குலமும் ஜோப் குலமும் தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் கேலி பேச உரிமையுள்ள முறைக்காரர்கள். "ந்யாய்ங்க சோத்தைக் கண்டா விடமாட்டானுங்க. இப்ப பாரு, எறும்புக்கும் பந்தி போடுறான்" என்றான்.

பீரானின் மனைவி யாசின் சிரிக்கவில்லை. எல்லோரும் ஒரே தட்டில் கை வைக்கும் வீட்டில் அவனுக்கு மட்டும் எப்படித் தனியாக ஆக்குவது? வீட்டுக்கே சோற்றைக் குறைத்து, கீரையும் மீனும் கூட்டினாள். இன்சுலின் புட்டியை ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் வைத்துக் காத்தாள். தானும் சர்க்கரையை விட்டாள். எறும்பு குறைந்து, வழி தவறியவை போல ஒன்றிரண்டு மட்டும் வந்தன. சில ஆண்டுகள் அப்படியே நல்லபடியாகப் போயின.

பிறகு அவன் இடது பாதத்தில் ஒரு புண் ஆறாமல் நின்றது. எறும்புச்சாரை கயிறு தடிமனுக்கு வந்தது. வெளியே எதையும் தொடுவதில்லை என்று பீரான் சத்தியம் செய்தான். யாசின் தன் சமையலையே சந்தேகப்பட்டாள். ஒரு மாலை அந்தச் சாரையின் பின்னால் நடந்தாள். அது மசூதியைச் சுற்றி, சந்தையைக் கடந்து, அவள் பிறந்த வீட்டு வாசலில் ஏறியது. உள்ளே அவள் அம்மா மூன்றாவது சுற்றுத் தேநீரை, பாகு மாதிரி இனிக்கும் அதை, மருமகன் கிளாஸில் நுரை பொங்க ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மருமவனை மூணாவது கிளாஸ் குடுக்காம அனுப்புனா, மதிக்கலைன்னு ஊரு பேசாதா?" என்றாள் அம்மா.

"எத்தனை நாளாம்மா?"

"போன நோன்புப் பெருநாள்லேருந்து. வாய் கசக்குதுன்னான், பாவம்."

"அரை கிளாஸ்தான் யாசின்" என்றான் பீரான்.

"நான் வெறும் டீ குடிச்சது யாருக்காக?"

புருஷன் பொய் சொன்னதைவிட, பெற்றவள் ஊற்றிக் கொடுத்ததுதான் அவள் நெஞ்சை அறுத்தது.

மழைக்காலத்துக்குள் அந்தப் பாதத்தை எடுத்துவிட்டார்கள். ஜோப் கேலி பேசாமல் ஊன்றுகோல் செய்து கொடுத்தான். வெறும் மரம்தான், ஆனாலும் அவ்வப்போது அது பதிந்த குழிகளில் எறும்பு வரும். தெருக்காரர்கள் தாண்டிப் போவார்கள்.

யாசின் இப்போது அம்மா வீட்டுக்குப் போவதில்லை. பீரான் திரும்பி வரும்போது எங்கே போனாய் என்று கேட்பதுமில்லை. அவனாகச் சொல்ல வாயெடுத்தாலும், அவள் அவனுக்குப் பின்னால் தரையைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டுத்தான் தட்டை வைக்கிறாள்.