அடைப்புக்குறி இல்லாத பக்கம்

அருண்ராஜ் சிங்கப்பூரின் பிடோக்கில் சைக்கிளிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டு ஏழு மாதம் ஆகிறது. பேச்சு திரும்பிவிட்டது, நடையும் திரும்பிவிட்டது. கிரேன்களுக்காகத் தானே எழுதிய நிரலைப் படிப்பதுதான் வரவில்லை. அந்தக் கணினி மொழி அப்படி. கூட்டல் குறி முன்னால் நிற்கும், கூட்ட வேண்டியவை பின்னால் வரும், ஒவ்வொரு கணக்கையும் சுற்றி ஓர் அடைப்புக்குறி. சில வரிகளின் வாலில் ஒன்பது அடைப்புக்குறிகள் வரிசைகட்டி நிற்கும்.

"இந்த பிராக்கெட்தான் தொல்லை, வைதேகி. எது எங்க முடியுதுன்னு பிடிபடல. மத்தபடி எனக்கு ஒண்ணுமில்ல" என்பான் மனைவியிடம்.

வைதேகி நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அவளும் நிரல் எழுதுகிறவள்தான். பள்ளிக்கூடக் கணக்கைப் போலக் குறியை நடுவில் வைத்து ஓர் எழுத்துமுறையை மூன்று மாதம் உட்கார்ந்து உருவாக்கினாள். கூட்டலும் பெருக்கலும் ஒரே வரியில் கலந்தால் மட்டும் அடைப்புக்குறி, இல்லையென்றால் அதுவும் கிடையாது. பழைய நிரலை அப்படியே மாற்றித் தர ஒரு கருவியும் எழுதினாள். திங்கட்கிழமை அலுவலகத்தில் அவனைச் சோதிக்கப் போகிறார்கள். தேறாவிட்டால் வேலை போகும், வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலை, முதல் பக்கத்தை அச்செடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

மொத்தம் = பெட்டி + கொக்கி + சங்கிலி
மொத்தம் > வரம்பு எனில்
    நிறுத்து

இப்படிப் பத்தே வரி. அரைமணி நேரம் பார்த்தான். "நல்லா இருக்கு" என்றான்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சரசு, தைத்த ரவிக்கையைக் கொடுக்க வந்தாள். தேக்காவில் தையல் கடை வைத்திருப்பவள். கணினிக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. புதிதாக ஒன்றைச் செய்தவர்களுக்கு அதை வெளியாளிடம் காட்டிப் பார்க்கும் அரிப்பு அடங்காது. புத்தி கெட்ட வைதேகி, கணவன் எதிரிலேயே தாளை அவளிடம் நீட்டினாள்.

"என்ன இது, சாமான் தூக்குற கணக்கா? மூணு எடையையும் கூட்டுது. அளவு தாண்டினா நிறுத்திடுது. அவ்ளோதானே லா?"

"அவ்ளோதான் அக்கா."

சரசு போனபிறகு அருண்ராஜ் முதல் வரியில் விரலை வைத்தான். "இந்த வரி புரியுது. அடுத்த வரிக்குப் போனா, முந்தினது மறந்துடுது."

ஏழு மாதத்தில் இன்றுதான் இதைச் சொல்கிறான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; ஆனால் இவன் சாக்குச் சொல்லவில்லை, கூடம் கோணல் என்றே மனதார நம்பியிருந்தான். அவளும் நம்பினாள். இப்போது அவளே அதை நிமிர்த்தி வைத்துவிட்டாள். எழுத்துமுறை பழுதில்லாமல் வந்திருந்தது, அதுதான் கொடுமை.

"போகப் போகச் சரியாயிடும்" என்றாள்.

அவன் தாளை அவள் பக்கம் தள்ளினான். "திங்கக்கிழமைக்குப் பழைய மாதிரியே குடு. பிராக்கெட் இருக்கட்டும். புரியலைன்னா, அதனாலதான்னு சொல்லிக்குவேன்."

வைதேகி கணினியைத் திறந்து, அழுதுகொண்டே, எல்லா அடைப்புக்குறிகளையும் திரும்பப் போட்டுக் கொடுத்தாள்.