ராத்தாவின் பீனிசம்

நளீமின் இடது மூக்கு அடைத்து இன்றைக்கு ஒன்பதாவது நாள். அது தன்னுடைய மூக்குத்தானா என்பதிலேயே அவனுக்குக் குழப்பம்.

இருபது வருசம் நெல்மூட்டை சுமந்த உடம்பு. போன வருசம் இரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். கொழும்பில் அவனுடைய எலும்பு மச்சையை மருந்து ஏற்றி அழித்துவிட்டு, அவனுக்கு மூத்தவளான ராத்தா ஸுஹைறாவின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த, புது இரத்தம் ஊறவைக்கும் மூலக்கலங்களை ஒரு சின்னப் பையில் கொண்டுவந்து ஏற்றினார்கள். கண்ணாடி அறைக்குள் நாற்பத்திரண்டு நாள். ஓ பொசிட்டிவாகப் பிறந்தவன் ஏழாம் மாதம் இரத்தம் சோதித்தபோது பி பொசிட்டிவாக இருந்தான். ராத்தாவும் பி பொசிட்டிவ்தான். ஏற்றியது பிடித்துவிட்டது, நல்ல செய்தி என்றார் டொக்டர். நளீமுக்கு விளங்கவில்லை. தொழுகையில் தக்பீர் கட்டி நிற்கும்போதுகூட, இங்கே நிற்பது யார் என்று ஒரு நினைப்பு வந்து குறுக்கே விழும்.

இப்போது இந்த மூக்கு.

ஸுஹைறாவின் பீனிசம் ஊரறிந்தது. மார்கழி மழை இறங்கினால் நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வாள். நாலு தும்மல் தும்மித்தான் ஒரு வசனம் கதைப்பாள். சவளக்கடையிலுள்ள அரிசி மில்லில் கூட மூட்டை தூக்கும் பர்ஹான்தான் இரண்டையும் முதலில் முடிச்சுப் போட்டவன்.

"ஒனக்குள்ள ஓடுறது ராத்தாட ரத்தம். அவட பீனிசம் மட்டும் வராம நிண்டிருமா?" தோளிலிருந்த மூட்டையை அடுக்கியிருந்த அட்டியில் சாய்த்துவிட்டு அவன் சொன்னான். "இனி மீன்காரனோட சண்டை பிடிக்கவும் பழகு மச்சான். அதுவும் அந்த ரத்தத்துல இருக்கி."

மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நளீமும் சிரித்தான். சிரித்தபோது இடது கன்னம் மட்டும் ஒத்துழைக்காத மாதிரி இருந்தது.

மில்லுக்கே அவன் வந்திருக்கக்கூடாது. தூசி, தவிடு, வைக்கோல் கிட்டப் போகவேண்டாம், அதிலுள்ள பூஞ்சணம் உடம்பில் ஏறும், மூக்கடைப்போ முகநோவோ காய்ச்சலோ வந்தால் உடனே அழைக்கவும் என்று கொழும்பில் எழுதிக் கொடுத்த தாளை அவன் பெண்சாதி றாஹிலா பிரிஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தாள். கடற்கரைக்கு நடக்கப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, நளீம் பஸ் ஏறி மில்லுக்கு வந்து சாக்குத் தைத்தான். யாரும் கூப்பிடவில்லை. வெள்ளாமை வெட்டி நெல் வந்து குவிகிற நாளில் வீட்டில் முகமூடி போட்டுக்கொண்டு குந்தியிருக்க அவனால் ஏலவில்லை, அவ்வளவுதான்.

மூக்கைப் பற்றி அழைக்கவும் அவனுக்கு மனமில்லை. அழைத்தால் திரும்பவும் கண்ணாடி அறை. ராத்தா முப்பது வருசமாக இதே மூக்கோடு பிள்ளை பெற்று, சோறாக்கி, சண்டை பிடித்து வாழ்ந்துகொண்டிருக்கிறாள். அவளைக் கொல்லாத சீக்கு தன்னை மட்டும் கொல்லுமா? இந்தக் கணக்கு அவனுக்குச் சரியாகத்தான் பட்டது. அசர் தொழுகைக்கு வுழூச் செய்யும்போது மூக்குக்குச் செலுத்திச் சிந்திய தண்ணீரில் கறுப்பாக ஒரு பொருக்கு விழுகிறவரை.

மில் தூசியாக இருக்கும் என்று நினைத்தான். தொழுதுவிட்டு நேரே ராத்தா வீட்டுக்குப் போனான்.

"ராத்தா, உன்ட சீக்கு என்னிட்ட வந்திரிக்கி. மருந்தும் நீதான் தரணும்."

"ரத்தத்தையும் குடுத்து ஏச்சும் வாங்கணும் நான்." ஸுஹைறா எழும்பிப் போய் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டை விளக்கில் கொளுத்தி, நெருப்பை ஊதி அணைத்துப் புகையோடு கொண்டுவந்தாள். "குந்து. மூக்கால இழு."

இழுத்தான். வலது பக்கம் காரமாக ஏறியது. இடது பக்கம் ஒன்றுமில்லை.

"நல்லா இழுடா, மூட்டை தூக்கின ஆம்புள," என்று அவள் இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள். கனன்றுகொண்டிருந்த முனை அவன் இடது கன்னத்தில் பட்டது. அவள் பதறிக் கையை இழுத்துக்கொண்டாள்.

"சுட்டிட்டனா?"

"என்னத்த சுட்ட?"

அவள் மஞ்சளைக் கீழே போட்டு மிதித்தாள். அவன் கன்னத்தில் சிவப்பாக ஒரு பொட்டு எழும்பியிருந்தது.

"கண்ண மூடு. தொடுற நேரம் சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டிருந்தான். வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போனது. "தொடன் ராத்தா," என்றான்.

"தொட்டுக்கிட்டுத்தான் இருக்கன்."

கண்ணைத் திறந்தான். அவளுடைய இரண்டு விரலும் அவன் இடது கன்னத்தில் அழுந்தியிருந்தன.

"நளீம், எனக்கு ரெண்டு பக்கமும் அடைக்கும். தண்ணியா ஓடும். முகத்துல தொட்டா உயிர் போற மாதிரி நோகும்." அவள் குரல் இறங்கிவிட்டது. "ஒருநாளும் மரத்ததில்ல. இது என்ட பீனிசமில்ல."

"அப்ப ஆர்ர பீனிசம்?"

அவன் தலையைத் திருப்பிக் காதின் பின்னால் விரலால் வழித்தாள். விரலில் தவிடு.

"கடற்கரைக்கு நடக்கப் போறாரெண்டு றாஹிலா சொன்னா. அங்க தவிடு விக்காங்களா?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "பன்னிரண்டு நாளா மில்லுக்குப் போறன்," என்றான். அந்த ஒரு விசயத்தில் மட்டும் அவனுக்குக் குழப்பமிருக்கவில்லை.

ஸுஹைறா றாஹிலாவுக்குப் போனில் கோல் எடுத்து, அந்தத் தாளிலிருந்த நம்பரை வாங்கினாள். கொழும்பில் போனை எடுத்த நேர்ஸ் மூன்று கேள்விதான் கேட்டாள். எந்தப் பக்கம், எத்தனை நாள், கறுப்பாக ஏதும் வந்ததா. மூன்றாவதுக்கு அவன் ஓம் என்றதும் அவள் பேச்சின் வேகம் மாறிவிட்டது. கிட்ட இருக்கிற பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே போங்க, விடியட்டும் எண்டு நிக்க வேணாம், டொக்டர் அங்க கதைப்பார் என்றாள்.

ஆட்டோவில் ராத்தா அவனுக்கு இடது பக்கம் ஏறிக்கொண்டாள். றாஹிலா உடுப்புப் பையோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"திரும்பவும் கண்ணாடி அறைக்குள்ள போடுவாங்களா?"

"போட்டாப் போடட்டும்."

"மறுகா உன்ட ரத்தம் கேட்டா?"

"பீனிசத்த வடிச்சிட்டு எடுக்கச் சொல்லுறன்."

சிரிக்கப் பார்த்தான். தன் இரத்தம் இல்லை, ராத்தாவின் நோய் இல்லை, பிறகு இந்த முகத்துக்குள் இருப்பது என்ன? யோசிக்க யோசிக்கப் பிடி கிடைக்கவில்லை. சாரதியின் தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தான். அதில் ராத்தா அவனுடைய இடது கன்னத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். எப்போதிருந்து கிள்ளுகிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.